கூரைக்கு யார் பொறுப்பு

எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடக் கூரையை நானும் முனியாண்டியும் சேர்ந்துதான் இடித்தோம் என்று ஐந்தாம் ஆண்டு படிக்கும்போது நான் நம்பினேன். யோசனை என்னுடையது, வேலை அவருடையது. இப்போது தலை நரைத்து, தொப்பை விழுந்து, சிரம்பான் பக்கம் அம்பாங்கானில் வீட்டுக்கடன் கட்டிக்கொண்டிருக்கும் ஆளாகிவிட்டேன். இதைச் சொன்னால் என் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. தூரத்தில் ஜீப் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டேன். முனியாண்டியைப் போலீஸ் பிடிக்க முடியாது, ஆகவே என்னைத்தான் பிடிப்பார்கள் என்கிற அளவுக்குச் சட்டம் எனக்கு அந்த வயதிலேயே தெளிவாகத் தெரிந்திருந்தது.

எங்களுடையது லிங்கி ஆற்றுப் பக்கம் இருந்த ஒரு ரப்பர் தோட்டம். பள்ளிக்கூடம் பழைய பலகைக் கட்டடம். அந்தக் காலத்தில் தோட்டத்துப் பள்ளிக்கூடங்களுக்கு ஒரு விசித்திரமான ஏற்பாடு இருந்தது. நிலமும் கட்டடமும் தோட்டத்துக்குச் சொந்தம். வாத்தியார்களும் மேசை நாற்காலிகளும் கல்வி இலாகாவுக்குச் சொந்தம். நாங்கள் எங்கள் அப்பா அம்மாவுக்குச் சொந்தம். மழை மட்டும் யாருக்கும் சொந்தமில்லாமல் கூரை வழியாக உள்ளே வந்து போய்க்கொண்டிருந்தது. ஓட்டையைப் பற்றித் தோட்டத்து ஆபீசில் சொன்னால், அது அரசாங்கப் பள்ளிக்கூடம், அங்கே கேளுங்கள் என்பார்கள். இலாகாவில் சொன்னால், அது தோட்டத்துக் கட்டடம், அங்கே கேளுங்கள் என்பார்கள். இரண்டு பேருமே மரியாதையாகத்தான் சொல்வார்கள்.

எங்கள் தலைமையாசிரியரை நாங்கள் பெரிய வாத்தியார் என்போம். மெலிந்த மனிதர். வேதக்காரர், அதாவது கிறிஸ்துவர். ரஹாங்கிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் வருவார். அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. வகுப்புகளைச் சுற்றி வரும்போது தூண்களையும் பலகைச் சுவரையும் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார், காதையும் பக்கத்தில் வைத்துக் கேட்பார். அவருக்கு லேசாக ஏதோ கழன்றுவிட்டது என்பது எங்கள் வகுப்பின் ஒருமனதான முடிவு.

கூரைக் கதைக்கு வருகிறேன். திங்கட்கிழமை கணக்குச் சோதனை. வகுத்தல். எனக்கும் வகுத்தலுக்கும் ஆகாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரப்பர் பால் கொட்டகைக்குப் பின்னால், மரத்தடியில் அரிவாளோடு உட்கார்ந்திருக்கும் முனியாண்டியிடம் போனேன். வெறுங்கையோடு கேட்கக் கூடாது என்று தெரியும். சுருட்டு வைத்தால்தான் அவர் காது கொடுப்பார் என்பது தோட்டத்தில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். என்னிடம் சுருட்டு இல்லை. யாரோ காலையில் கொளுத்தாமல் வைத்துவிட்டுப் போன ஒன்று அவர் காலடியில் கிடந்தது. அதை எடுத்தேன், துடைத்தேன், என் கணக்கில் மறுபடியும் வைத்தேன். அவருடைய சொத்தையே அவருக்கு லஞ்சமாகக் கொடுத்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

"நாளைக்குச் சோதன நடக்கக் கூடாது. எப்படி நிறுத்துவீங்களோ எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை காலை சபைகூடலில் பெரிய வாத்தியார் வழக்கமான அறிவிப்பு எதையும் செய்யவில்லை. நேராக விஷயத்துக்கு வந்தார்.

"அஞ்சாம் ஆண்டு, ஆறாம் ஆண்டு. அவங்கவங்க மேச நாற்காலியத் தூக்கிக்கிட்டு கோயில் மண்டபத்துக்கு நடங்க. பின் கட்டடத்துக்குள்ள இனிமே யாரும் காலெடுத்து வைக்கக் கூடாது. பந்து உள்ள போச்சுன்னாலும் போனது போனதுதான்."

ஏன் என்று யாரும் கேட்கவில்லை. நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மாரியம்மன் கோயில் மண்டபத்துக்கு ஊர்வலம் போனது எங்களுக்குத் திருவிழா மாதிரி இருந்தது. சோதனை ரத்து, முனியாண்டி ஒரு சுருட்டுக்கு இவ்வளவு செய்கிறாரே என்று நான் உருகிப்போனேன். மேசைகளை வரிசையாகப் போட்டு முடித்ததும் பெரிய வாத்தியார் மண்டபத்து வாசலில், செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வராமல் நின்றபடி சொன்னார்: "சரி, கணக்குச் சோதனைய ஆரம்பிக்கலாம்."

அந்தச் சோதனையில் எனக்குக் கிடைத்த புள்ளிகளைப் பற்றி இங்கே பேசத் தேவையில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மாமா வீட்டுக்கு வந்தார். அம்மாவின் தம்பி. பால் லாரி ஓட்டுகிறவர். அதைவிட முக்கியமாக, பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர். லாரியை வாசலில் நிறுத்தி, இறங்குவதற்கு முன்னாலேயே சத்தம் போட ஆரம்பித்தார்.

"அக்கா, கேட்டியா கூத்த? கோயில் மண்டபத்துல ஒக்காந்து ஒன் மகன் நாசி லெமாக் தின்னுருக்கான். நெத்திலி சம்பலோட! ஆத்தா மொகத்துக்கு நேரா!"

"நான்தான்டா கட்டிக் குடுத்தேன். பிள்ளைக்குப் பசிக்காதா?"

"அது இல்லக்கா விஷயம். ஒரு வார்த்த எங்கிட்ட கேட்டாரா இந்த மனுஷன்? நான் தலைவரு லா. கோயில் கமிட்டிக்கிட்ட கேட்டாரா? வேதக்காரரு, அவருபாட்டுக்குக் கோயிலுக்குள்ள மேச நாற்காலிய எறக்கிட்டாரு. நாளைக்கு ஏதாச்சும் ஒன்னுன்னா ஊரு என் சட்டையத்தான் புடிக்கும்."

"கூர சரியில்லன்னு சொன்னாராமே."

"அந்தக் கூர நான் படிக்கும்போதே சரியில்ல! நாங்கல்லாம் செத்தா போயிட்டோம்?" என்றார் மாமா. "காலையிலயே சிரம்பான் கல்வி ஆபீசுக்கு போன் பண்ணிட்டேன். விசாரிக்க வரேன்னுருக்காங்க. இந்தத் தடவ இவரத் தூக்கி வேற எங்கயாச்சும் அடிச்சிடுவாங்க, பாரு."

அம்மா தேநீர்க் கோப்பையை அவர் முன்னால் கொஞ்சம் பலமாகவே வைத்தாள்.

எனக்குப் பெரிய வாத்தியாரைவிட முனியாண்டி மீதுதான் கோபம். அன்று சாயங்காலம் போய் நேருக்கு நேர் கேட்டேன். சோதனையை நிறுத்தச் சொன்னால் இடத்தை மாற்றுவதா? சரியாகக் காது கேட்கவில்லையா? வெள்ளிக்கிழமை மலாய்ச் சோதனை வேறு இருக்கிறது. இந்தத் தடவை குழப்பமே வேண்டாம் என்று விளக்கமாகச் சொன்னேன்: பள்ளிக்கூடத்தையே இடித்துத் தள்ளிவிடுங்கள், இரண்டு சுருட்டு தருகிறேன். பழைய சுருட்டு அங்கேயேதான் கிடந்தது. அதை இரண்டாக ஒடித்து வைத்தேன்.

அன்றிரவு பிடித்த மழை விடியும்வரை விடவில்லை. புதன்கிழமை காலை, மண்டபத்தில் பெருக்கல் வாய்ப்பாட்டை ராகம் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தோம். பெரிய மரத்தை வேரோடு சாய்த்தது மாதிரி ஒரு சத்தம். அதற்குப் பின்னால் தகரம் தகரமாகச் சரியும் சத்தம். வாய்ப்பாடு எட்டேழில் நின்றது.

ஓடிப் போய்ப் பார்த்தோம். பின் கட்டடத்தின் கூரை தரையில் உட்கார்ந்திருந்தது. குறுக்கு உத்திரம் சரியாக எங்கள் வகுப்பின் நடுவில், நான் உட்காரும் வரிசைக்கு மேல், இரண்டாக முறிந்து கிடந்தது. கரும்பலகை மட்டும் நேராக நின்றது.

எல்லாப் பிள்ளைகளும் 'ஹோ' என்று கத்தினார்கள். நான் கத்தவில்லை. இரண்டு அரைச் சுருட்டுக்கு இந்தச் சேதமா? நான் சொன்னது ஒரு பேச்சுக்குத்தானே?

பெரிய வாத்தியார் ஓடி வந்தார். முதல் வேலையாக எங்களைத் திடலில் வரிசையாக உட்காரவைத்து, ஒவ்வொருவர் பெயராகக் கூப்பிட்டார். என் பெயரைக் கூப்பிட்டபோது, ஆள் பிடிபட்டான் என்று நினைத்து நான் பதில் சொல்லவில்லை. மறுபடியும் கூப்பிட்டார். இந்தத் தடவை கத்தியே கூப்பிட்டார். பக்கத்தில் இருந்தவன் என்னைக் கிள்ளினான். "இருக்கேன் சார்" என்றேன். கடைசிப் பெயர்வரை கூப்பிட்டு முடித்தபின் அவர் படிக்கட்டில் உட்கார்ந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். ஒரு பழைய கட்டடத்துக்குப் போய் இவ்வளவு துக்கமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. குற்ற உணர்ச்சியும் இரட்டிப்பாயிற்று.

அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஜுரம் மாதிரி உடம்பு கொதித்தது. பிள்ளை எதையோ கண்டு பயந்திருக்கிறான் என்று அம்மா முடிவு செய்து, மந்திரிக்க என்னை இழுத்துக்கொண்டு போன இடம் எது தெரியுமா? முனியாண்டியிடம்தான். பூசாரி வேப்பிலையால் அடித்து, "எதுவா இருந்தாலும் இந்தப் பிள்ளைய விட்டுப் போயிரு" என்று அதட்டினார். நான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். எங்கள் ரகசியத்தைத் தெரிந்த ஒரே ஆள் எதிரே அரிவாளோடு உட்கார்ந்து, ஒன்றும் தெரியாத மாதிரி முறைத்துக்கொண்டிருந்தார். கொடுத்ததைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன், கூரையைப் பழையபடி வைத்துவிடுங்கள் என்று மனசுக்குள் கெஞ்சினேன். அவர் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தால் மாமா உட்கார்ந்திருந்தார். லாரியை வாசலில் நிறுத்தியிருந்தார், ஆனால் சத்தம் இல்லை. என்னைக் கூப்பிட்டு மடியில் உட்காரவைத்துக்கொண்டார். எனக்கு அப்போது மடியில் உட்காரும் வயதில்லை. இறங்கப் பார்த்தேன், விடவில்லை.

"இவன் வரிச மேலதான் விழுந்துருக்கு, அக்கா" என்றார்.

அம்மா என் நெற்றியில் இன்னும் கொஞ்சம் திருநீறு பூசினாள்.

"ஆபீசுக்குத் திருப்பி போன் அடிச்சேன். புகாரத் திருப்பி வாங்கிக்கிறேன், விட்ருங்கன்னு சொன்னேன். பதிஞ்சாச்சாம். ஆபீசரு நாளைக்குக் கட்டாயம் வருவாராம். காருகூட ஏற்பாடு பண்ணிட்டாங்களாம்."

"வந்தா வாயத் தொறந்து உள்ளதச் சொல்லு."

"சொல்லாம? சொல்லுவேன் லா" என்றார் மாமா. போட்ட வேண்டுதலைத் திருப்பி வாங்க முடியாமல் தவிக்கும் ஆள் வீட்டில் நான் ஒருவன் மட்டுமில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது.

வியாழக்கிழமை விசாரணை. பள்ளிக்கூடத்தின் மற்ற அறைகளையும் நம்ப முடியாததால் கோயில் மண்டபத்திலேயே நடந்தது. எங்களை அனுப்ப வேறு இடமில்லை. ஆகவே பின்பக்கம் மேசைகளில் கைகட்டி உட்கார்ந்து, மனதுக்குள் வாசிக்கச் சொன்னார்கள். அன்று நான் ஒரு பக்கத்தையும் திருப்பவில்லை.

முன்னால் நாலு பேர். சிரம்பானிலிருந்து வந்த மலாய்க்கார அதிகாரி, நல்ல மனிதர் மாதிரிதான் இருந்தார், குடையை மடித்து நாற்காலியில் மாட்டியிருந்தார். தோட்டத்து மேனேஜருக்குப் பதிலாக ஆபீஸ் குமாஸ்தா, கிராணி என்போம். சலவைச் சட்டையில் மாமா. பெரிய வாத்தியார்.

அதிகாரி வந்ததே மண்டபத்தில் பள்ளிக்கூடம் நடத்தும் புகாரை விசாரிக்கத்தான். வந்த இடத்தில் கூரையும் விழுந்து கிடந்தது. அது அவருடைய வேலைத்தாளில் இல்லை. முதலில் மண்டபத்தைப் பற்றியே கேட்டார். யார் அனுமதி கொடுத்தது? அரசாங்க மேசை நாற்காலிகளை வெளியே கொண்டுவர யாரிடம் கேட்டீர்கள்? பெரிய வாத்தியார் மலாயில் நிதானமாகப் பதில் சொன்னார். கேட்டு முடிவதற்குள் கூரை விழுந்துவிடும்போல் இருந்தது, அதனால் கேட்கவில்லை என்றார். பிறகு கையை நீட்டி எங்களைக் காட்டினார். "பிள்ளைங்க எல்லாரும் இருக்காங்க, துவான். பாருங்க."

கையைக் காட்டினால் வணக்கம் சொல்ல வேண்டும் என்பது எங்கள் பள்ளிக்கூடப் பழக்கம். மொத்த வகுப்பும் எழுந்து நின்று, "செலாமாட் பாகி, துவான்!" என்று இழுத்துப் பாடி உட்கார்ந்தோம். அதிகாரி சிரித்துவிட்டார். பெரிய வாத்தியாரும் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

அடுத்து கட்டடம். கட்டடத்தைப் பராமரிக்க வேண்டியது யார்? கிராணி தொண்டையைச் செருமினார். கட்டடம் தோட்டத்துடையதுதான், ஆனால் உள்ளே நடப்பது அரசாங்கப் பள்ளிக்கூடம், மேனேஜரைக் கேட்டுச் சொல்கிறேன், மேனேஜர் கோலாலம்பூரில் கூட்டத்தில் இருக்கிறார் என்றார். அதிகாரி, பள்ளிக்கூடம் எங்களுடையதுதான், ஆனால் கட்டடம் எங்களுடையது இல்லையே என்றார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்து அனுதாபமாகத் தலையாட்டிக்கொண்டார்கள்.

அதிகாரி பேனாவைத் திறந்தார். இதற்கெல்லாம் யார் பொறுப்பு, எழுதுவதற்கு ஒரு பெயர் வேண்டும் என்றார்.

கிராணி தலையைத் தூக்கி மின்விசிறியைப் பார்த்தார். மாமாவும் அதையே பார்த்தார். இப்போது என் மகள் படிக்கும் பள்ளியில் நானும் சங்கக் கமிட்டியில் இருக்கிறேன். கழிவறைக் கதவு பற்றிப் பேச்சு வந்த அன்று நான் பார்த்த விசிறிக்கு மூன்று இறக்கைகள். இதில் மாமாவைக் குறை சொல்ல எனக்குப் பெரிய தகுதி ஒன்றுமில்லை.

"தலைவர் ஏதாச்சும் சொல்றதா இருந்தா சொல்லலாம்" என்றார் பெரிய வாத்தியார், மாமாவைப் பார்த்து. குரலில் வலியுறுத்தல் இல்லை. ஆனால் காத்திருந்தார்.

மாமாவின் வாய் திறந்தது. கிராணி மெதுவாக மாமா பக்கம் திரும்பினார். பால் லாரி தோட்டத்துடையது. மாமா குடியிருந்த வீடும் தோட்டத்துடையது.

"எனக்கு ஒன்னும் இல்ல சார்" என்றார் மாமா.

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. பெயர்தானே வேண்டும்? கொடுத்துவிடலாம் என்று என் கை தானாகவே மேலே போனது. மண்டபமே திரும்பிப் பார்த்தது. அதிகாரியின் பேனா என்னை நோக்கி நின்றது.

"என்னடா?" என்றார் பெரிய வாத்தியார்.

என் வாயில் முனியாண்டி என்ற சொல்தான் இருந்தது. வெளியே வந்தது வேறு.

"ஒன்னுக்கு, சார்."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. மாமா தலையில் கைவைத்துக்கொண்டார். "போ" என்றார் பெரிய வாத்தியார். நான் மண்டபத்துப் படியில் இறங்கும்போது அவர் அதிகாரி பக்கம் திரும்பி மலாயில் சொன்னது காதில் விழுந்தது.

"சாயா, துவான். நான்தான். எழுதிக்குங்க."

படியிலேயே நின்றுவிட்டேன். நான் செய்த வேலைக்கு அவர் பெயர் கொடுக்கிறார்! எப்படித் தெரிந்தது? நான் சுருட்டு வைத்ததை மோட்டாரில் போகும்போது பார்த்திருப்பாரோ?

விசாரணை முடிந்து கார் போனபின், மோட்டாரை எடுக்க அவர் மண்டபத்துக்குப் பின்னால் வந்தார். நான் அங்கேதான், போன வேலையை முடிக்காமலேயே நின்றுகொண்டிருந்தேன்.

"என்னடா, இன்னும் முடியலையா?"

"சார்... கூரைய நான்தான் சார்."

"நீதானா?"

"முனியாண்டிகிட்ட கேட்டேன் சார். இடிச்சித் தள்ளச் சொன்னேன். சுருட்டு வச்சேன்."

அவர் சிரிக்கவில்லை. மோட்டாரில் சாய்ந்து நின்று, வழக்கு விசாரிப்பவர் மாதிரிக் கேட்டார். "எப்ப கேட்ட?"

"செவ்வாக்கெழம, சார்."

"அப்ப நீ இல்லடா. நான் ஒனக்கு முன்னாடியே கேட்டுட்டேன். ரெண்டு வருஷமா கேட்டுக்கிட்டிருக்கேன். ஒரு எடத்துல இல்ல, ரெண்டு எடத்துல." ஹெல்மெட்டைத் தலையில் மாட்டினார். "நீ கேட்டவரு சீக்கிரமா செய்யிற ஆளு. நான் கேட்டவங்க அப்படி இல்ல. போ, வீட்டுக்குப் போய்ச் சோறு தின்னு."

எனக்கு நெஞ்சிலிருந்து பாறையை இறக்கிவைத்தது மாதிரி இருந்தது. அன்று இரண்டு தட்டு சோறு தின்றேன். வேதக்காரராக இருந்துகொண்டு பெரிய வாத்தியாரும் பள்ளிக்கூடம் இடிந்து விழ வேண்டும் என்று இரண்டு சாமிகளிடம் வேண்டுதல் வைத்திருக்கிறார், மாட்டிக்கொண்டதும் ஒப்புக்கொண்டுவிட்டார் என்றுதான் நான் புரிந்துகொண்டேன். பெரியவர்களுக்கும் சோதனை பிடிக்காமல் இருக்கலாம் என்று அவர்மீது எனக்கு ஒரு தனிப் பிரியமே வந்துவிட்டது.

மாத முடிவில் அவரைக் காணோம். ஜொகூர் பக்கம் ஏதோ தோட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள், தலைமையாசிரியராக இல்லை, சாதாரண வாத்தியாராக என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். போவதற்கு முதல் நாள் அவருடைய சாமான்களைத் தன் சொந்தச் செலவில் லாரி பிடித்து ஏற்றிவிட்டது மாமாதான். வழியனுப்பிவிட்டு வந்தவர் அம்மா வைத்த தேநீரைத் தொடவே இல்லை. லாரி வாடகை அதிகம் போலிருக்கிறது என்று நான் நினைத்தேன்.

நடந்தது இவ்வளவுதான். உத்திரத்தைக் கரையான் அரித்திருந்தது. அது பெரிய வாத்தியாருக்குத் தெரியும். தோட்டத்துக்கும் இலாகாவுக்கும் அவர் சொல்லிக்கொண்டே இருந்ததால் அவர்களுக்கும் தெரியும். அவர் எங்களை வெளியே கூட்டிக்கொண்டு போன மூன்றாம் நாள் கூரை விழுந்தது. அரசாங்கத் தளவாடங்களை அனுமதியில்லாமல் இடம் மாற்றியதற்காக அவரைத் தலைமையாசிரியர் பதவியிலிருந்து இறக்கினார்கள். கூரை விழுந்ததற்காக யாரையும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.